லெட்லி கிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டன் கால்பந்து கிளப்பான டாட்டன்ஹாமின் ஆட்டங்களைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். நான் பார்த்ததிலேயே சிறந்த டிஃபென்டர், அதாவது தடுப்பாட்டக்காரர், யார் என்று கேட்டால், யோசிக்காமல் லெட்லி கிங் என்பேன். கேட்டவர் இருபது வயதுக்காரர் என்றால் "யார் அது?" என்பார். கொஞ்சம் மூத்தவர் என்றால் "அவ்வளவு நல்ல ஆட்டக்காரர் இங்கிலாந்துக்கு ஏன் 21 ஆட்டம்தான் ஆடினார்?" என்பார். இப்படித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

லெட்லி கிங் யார்?

1980 அக்டோபர் 12 அன்று கிழக்கு லண்டனில் பிறந்தவர். சென்டர் பேக், அதாவது கோல்கீப்பருக்கு முன்னால் நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர். 1999 முதல் 2012 வரை டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் என்ற ஒரே கிளப்புக்குத்தான் ஆடினார். எல்லாப் போட்டிகளையும் சேர்த்து 323 ஆட்டங்கள், 14 கோல்கள். 2005 முதல் கேப்டன். சட்டை எண் 26. ஓய்வு பெறும்போது வயது 31.

எங்கே ஆடப் பழகினார்?

கிழக்கு லண்டனில் சென்ராப் என்று ஒரு சிறுவர் கிளப் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்தவெளி மைதானங்களில் ஆடும் அணி. பார்க்கச் சாதாரணமாக இருந்தாலும் அங்கிருந்து வந்தவர்களின் பட்டியல் வியக்க வைக்கும். பிற்பாடு செல்சி கேப்டனான ஜான் டெர்ரியும் அங்கே ஆடியவர்தான். பாபி சமோரா, பால் கொன்செஸ்கியும் அங்கிருந்து வந்தவர்களே. கிங் அங்கிருந்து டாட்டன்ஹாமின் இளைஞர் அணிக்குப் போனார். அதற்குப் பிறகு வேறு எங்கும் போகவில்லை.

முதல் ஆட்டம் எது?

1999 மே 1, லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானம். ஜார்ஜ் கிரஹாம் மேனேஜராக இருந்த காலம். கிங்குக்கு 18 வயது. டாட்டன்ஹாம் 2-0 என்று முன்னிலை பெற்று, கடைசியில் 3-2 என்று தோற்றது.

மிட்ஃபீல்டிலும், அதாவது மைதானத்தின் நடுப்பகுதியிலும், ஆடினாராமே?

ஆமாம், தொடக்கத்தில் நிறையவே ஆடினார். அங்கே ஆடிய நாட்களில்தான் அந்தப் புகழ்பெற்ற கோல் வந்தது. 2000 டிசம்பர் 9 அன்று பிராட்ஃபோர்டு சிட்டிக்கு எதிராக, ஆட்டம் தொடங்கி 10 நொடி ஆவதற்குள் அடித்தார். டாட்டன்ஹாமுக்காக அவர் அடித்த முதல் கோலே அதுதான்! இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக்கின் மிக வேகமான கோல் என்ற சாதனை 18 வருடங்களுக்கு மேல் ஒரு டிஃபென்டரின் பெயரில் இருந்தது. 2019 ஏப்ரலில் சவுத்தாம்ப்டனின் ஷேன் லாங் 7.69 நொடியில் அடித்துத்தான் அதை உடைத்தார்.

மிட்ஃபீல்டில் பழகியது அவருக்குக் கடைசிவரை கைகொடுத்தது. பந்து காலுக்கு வந்தால் பதறி மேலே தூக்கி அடிக்கும் ஆள் இல்லை அவர். தலையை நிமிர்த்திப் பார்த்து, சக ஆட்டக்காரரின் காலுக்கே கொடுப்பார். அந்தக் காலத்து இங்கிலாந்து சென்டர் பேக்குகளிடம் இதை அதிகம் பார்க்க முடியாது.

சால் கேம்ப்பெல் போனதற்கும் கிங் வளர்ந்ததற்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. 2001 கோடையில் டாட்டன்ஹாமின் கேப்டன் சால் கேம்ப்பெல், ஒப்பந்தம் முடிந்ததும் பரம எதிரியான ஆர்சனலுக்குப் போனார். ஒப்பந்தம் முடிந்துவிட்டதால் டாட்டன்ஹாமுக்கு ஒரு காசுகூடக் கிடைக்கவில்லை. வடக்கு லண்டனில் அந்தக் கோபம் இன்றுவரை ஆறவில்லை.

அந்த இடத்தில் வந்து நின்றவர் 20 வயது கிங். கிளப்பிலேயே வளர்ந்த பையன், கேம்ப்பெல் போலவே உயரமும் வேகமும் உடையவர், ஆனால் போகாதவர். ரசிகர்கள் அவர்மேல் கொட்டிய அன்பில் கேம்ப்பெல் ஏற்படுத்திய காயத்துக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம். அந்தப் பாரம் எவ்வளவு பெரியது என்று அப்போது யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

முழங்காலில் அப்படி என்னதான் பிரச்சினை?

முட்டிக்குள் இரண்டு எலும்புகள் சந்திக்கும் இடத்தில் மெத்தை மாதிரி ஒரு குருத்தெலும்பு இருக்கிறது. பேச்சுவழக்கில் ஜவ்வு என்கிறோம். ஓடும்போதும் குதிக்கும்போதும் அதிர்ச்சியைத் தாங்குவது அதுதான். அதற்கு இரத்த ஓட்டம் கிடையாது. அதனால் தேய்ந்தால் தானாக வளர்ந்து சரியாகாது.

கிங்கின் இடது முழங்காலில் அது தேய்ந்தே போய்விட்டது. 2008க்குப் பிறகு மேனேஜராக இருந்த ஹாரி ரெட்நாப் இதை மறைக்காமல் பத்திரிகையாளர்களிடம் சொன்னார்: இதற்கு மருந்து கிடையாது, அறுவை சிகிச்சை செய்யவும் அங்கே எதுவும் மிச்சமில்லை, எலும்போடு எலும்பு உரசுகிறது. ஓர் ஆட்டம் முடிந்தால் முட்டி வீங்கிவிடும். வீக்கம் வடிய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அது வடியும்போது அடுத்த ஆட்டம் வந்துவிடும். புதன்கிழமையும் ஆட்டம் இருந்தால் இரண்டில் ஒன்றைத்தான் ஆட முடியும்.

நம் வீட்டுப் பெரியவர்கள் முட்டித் தேய்மானத்தோடு மாடிப்படி ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே நிலையில் இருந்த ஒரு முட்டியை வைத்துக்கொண்டு இவர் உலகின் வேகமான முன்கள ஆட்டக்காரர்களோடு ஓடினார். எழுதும்போதே எனக்கு நம்ப முடியவில்லை.

பயிற்சியே செய்யாமல் ஆடினார் என்பது உண்மையா?

கடைசி சில வருடங்களில் ஏறக்குறைய உண்மை. அணியோடு மைதானத்தில் ஓடிப் பயிற்சி செய்வது அபூர்வம். மற்றவர்கள் பந்தோடு ஓடும்போது இவர் நீச்சல் குளத்திலும் ஜிம்மிலும் இருப்பார். வாரம் முழுக்க முட்டியைக் காப்பாற்றி, சனிக்கிழமை நேராக ஆட்டத்துக்கு வருவார்.

ஒரு டிஃபென்டருக்கு இது எவ்வளவு கஷ்டம் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். முன்கள ஆட்டக்காரர் தனியாக ஒரு நொடி ஜொலித்தால் போதும். தடுப்பாட்டம் நான்கு பேர் சேர்ந்து செய்யும் வேலை. பின்வரிசையைத் தாண்டி முன்கூட்டியே நிற்கும் எதிராளியை விதிமீறலில் சிக்க வைக்கும் ஆஃப்சைடு கோட்டைப் பிடிக்க நான்கு பேரும் ஒரே நேரத்தில் முன்னேற வேண்டும். ஒருவர் அரை அடி பின்தங்கினாலும் கோல். பக்கத்தில் நிற்பவர் எப்போது நகர்வார், எப்போது பின்னால் விழுவார் என்பது தினமும் சேர்ந்து பழகினால்தான் உடம்பில் ஊறும். கிங்குக்கு அந்தப் பழக்கத்துக்கு நேரமே கிடைக்கவில்லை. பக்கத்தில் நின்றவர்களும் மாறிக்கொண்டே இருந்தார்கள்: மைக்கேல் டாசன், ஜோனதன் வுட்கேட், யூனஸ் கபூல், வில்லியம் கல்லாஸ். அப்படியும் அவர் வந்து நின்றால் பின்வரிசை அமைதியாகிவிடும்.

எப்படி முடிந்தது? கண்தான் காரணம் என்று நினைக்கிறேன். பந்து எங்கே வரப்போகிறது என்று மற்றவர்களைவிட ஒரு நொடி முன்னால் தெரிந்துவிடும் அவருக்கு. ஒரு நொடி முன்னால் கிளம்புகிறவர் பாதி வேகத்தில் ஓடினால் போதும். தேய்ந்த முட்டிக்கு அந்தப் பாதி வேகம் பெரிய சலுகை.

ஆர்யன் ராபனிடமிருந்து பந்தைப் பறித்த அந்த டேக்கிள் எப்போது?

2006 நவம்பர் 5, டாட்டன்ஹாமின் பழைய மைதானமான ஒயிட் ஹார்ட் லேனில், செல்சிக்கு எதிராக. செல்சி அப்போது ஜோசே மொரீனோவின் கீழ் தொடர்ந்து இரண்டு முறை லீக் பட்டம் வென்றிருந்த அணி. டாட்டன்ஹாம் 1990க்குப் பிறகு லீக்கில் அவர்களை வென்றதே இல்லை. அன்று 2-1 என்று வென்றது. மைக்கேல் டாசனும் ஆரன் லெனனும் கோல் அடித்தார்கள். செல்சி கேப்டன் டெர்ரி சிவப்பு அட்டை வாங்கினார். ஆனால் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சொல்வது இவை எதையும் இல்லை.

செல்சியின் முன்கள ஆட்டக்காரர் ராபன் பின்வரிசையைத் தாண்டிவிட்டார். எதிரே கோல்கீப்பர் பால் ராபின்சன் மட்டும். அந்த வயதில் ராபனை ஓடிப் பிடிக்கக்கூடியவர்கள் உலகத்திலேயே சிலர்தான். கிங் பின்னாலிருந்து துரத்தினார். சட்டையை இழுக்கவில்லை, தோளால் தள்ளவில்லை. பெனால்டி பகுதிக்குள், ராபன் அடிக்கத் தயாராகும்போது, சறுக்கிக் காலை நீட்டிப் பந்தை மட்டும் எடுத்தார். ஒரு விரற்கடை தவறியிருந்தால் பெனால்டி, அதோடு சிவப்பு அட்டையும் வந்திருக்கலாம்.

மைதானம் எழுந்து நின்றது. கோல் விழுந்தால் வருகிற சத்தம் அது. ஒரு டேக்கிளுக்கு அப்படி ஒரு சத்தத்தை நான் வேறு எங்கும் கேட்டதில்லை.

ஃபவுல் செய்யாத டிஃபென்டர் என்கிறார்களே?

ஃபவுலே செய்யாதவர் யாரும் இல்லை. ஆனால் இவர் மஞ்சள் அட்டை வாங்குவது அபூர்வம். சென்டர் பேக்குகள் எதிராளியின் சட்டையைப் பிடிப்பதும் இடுப்பில் கை வைப்பதும் அன்றாடம் நடப்பது. நடுவர்களும் பாதியைக் கண்டுகொள்ள மாட்டார்கள். கிங் கையைப் பயன்படுத்தவே மாட்டார். ஆர்சனலின் தியரி ஹென்றி, தன்னைப் பிடிக்காமலேயே பந்தை எடுத்துக்கொண்டு போகும் ஒரே டிஃபென்டர் கிங்தான் என்ற பொருளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பரம எதிரி அணியின் நட்சத்திரம் சொன்னது. இதைவிடப் பெரிய சான்றிதழ் ஒரு டிஃபென்டருக்குக் கிடைக்காது.

அவர் செய்வதைக் கவனித்தால் எளிமையாகத் தெரியும். எதிராளிமேல் பாய மாட்டார். ஓரடி இடைவெளி விட்டு, பக்கவாட்டில் திரும்பி நின்று, அவரை மெல்ல ஓரத்துக்கு ஒதுக்குவார். பந்து எதிராளியின் காலை விட்டு ஒரு சாண் விலகும் கணத்துக்காகக் காத்திருப்பார். விலகியதும் கால் போகும், பந்து வரும். அந்தக் காத்திருப்புக்குத்தான் தைரியம் வேண்டும். பாய்ந்து தோற்றால் முயற்சியாவது செய்தார் என்பார்கள். காத்திருந்து தோற்றால் சும்மா நின்றார் என்று திட்டுவார்கள்.

ஆர்சனலுக்கு எதிராகக் கோல் அடித்திருக்கிறாரா?

இரண்டு முறை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2004 நவம்பரில் டாட்டன்ஹாம் 4-5 என்று தோற்ற அந்தப் பைத்தியக்கார ஆட்டத்தில் ஒன்று. 2005 அக்டோபரில் 1-1 என்று முடிந்த ஆட்டத்தில் இன்னொன்று. இரண்டிலும் ஜெயிக்கவில்லை என்பதுதான் வருத்தம்.

இங்கிலாந்துக்கு ஏன் 21 ஆட்டம் மட்டும்?

முதல் காரணம் உடம்பு. இரண்டாவது காரணம் அவர் பிறந்த வருடம். ரியோ ஃபெர்டினாண்ட், ஜான் டெர்ரி, சால் கேம்ப்பெல், ஜேமி காரகர் எல்லாரும் அதே காலத்தில் அதே இடத்துக்கு நின்றார்கள். இங்கிலாந்துக்கு அப்படியொரு சென்டர் பேக் கூட்டம் அதற்கு முன்னும் பின்னும் அமைந்ததில்லை என்பேன்.

2002 மார்ச்சில் இத்தாலிக்கு எதிராக முதல் ஆட்டம். 2004 பிப்ரவரியில் போர்ச்சுகலுக்கு எதிராக முதல் கோல். அந்த வருடம் யூரோ கோப்பையின் முதல் ஆட்டத்துக்கு டெர்ரி காயத்தால் வர முடியாமல் போக, லிஸ்பனில் பிரான்சுக்கு எதிராகக் கிங்கை இறக்கினார் அன்றைய இங்கிலாந்து மேனேஜர் ஸ்வென் யோரன் எரிக்சன். எதிரே ஹென்றி, ட்ரெசெகே, பின்னால் சிடான். 23 வயது கிங் பதறவே இல்லை. 90 நிமிடம் முடியும்வரை இங்கிலாந்து 1-0 என்று முன்னிலையில் இருந்தது. கூடுதல் நேரமாகக் கொடுத்த சில நிமிடங்களில் சிடான் ஒரு ஃப்ரீ கிக்கும் ஒரு பெனால்டியும் அடித்து 2-1 ஆக்கிவிட்டார். அந்த இரண்டு கோலிலும் கிங்கின் தவறு எதுவும் இல்லை.

2006 உலகக் கோப்பைக்கு முன்பு ஏப்ரலில் பாத எலும்பு முறிந்தது, ஜெர்மனிக்குப் போக முடியவில்லை. 2007 ஜூனுக்குப் பிறகு ஏறக்குறைய மூன்று வருடம் இங்கிலாந்துக்கு ஆடவே இல்லை. அப்புறம் 2010 மே மாதம் மெக்சிகோவுக்கு எதிராகத் திரும்பி வந்து கோலும் அடித்தார். அப்போதைய இங்கிலாந்து மேனேஜர் ஃபேபியோ கபெல்லோ அவரை உலகக் கோப்பைக்காகத் தென்னாப்பிரிக்காவுக்கு அழைத்துப் போனார். ஜூன் 12, ரஸ்டன்பர்க், அமெரிக்காவுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே இறங்கினார். இடைவேளையோடு தொடை இடுக்கில் காயம். அவருக்குப் பதில் காரகர் வந்தார். கிங்கின் உலகக் கோப்பை 45 நிமிடத்தில் முடிந்தது. இங்கிலாந்துச் சட்டையை அவர் அணிந்ததும் அதுவே கடைசி.

அந்த இடைவேளையில் வீரர்கள் திரும்பி வரும்போது அவர் இல்லை என்று கண்டதை இன்றும் மறக்க முடியவில்லை.

எத்தனை கோப்பை வென்றார்?

ஒன்று. 2008 பிப்ரவரி 24, வெம்ப்ளியில் லீக் கோப்பை இறுதி, எதிரணி செல்சி. செல்சியின் ட்ரோக்பா ஃப்ரீ கிக்கில் முதல் கோல் அடித்தார், டாட்டன்ஹாமின் பெர்பட்டோவ் பெனால்டியில் சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் வுட்கேட் தலையால் இடித்து 2-1 ஆக்கினார். அந்த சீசனில் கிங் லீக்கில் ஆடியது விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஆனால் இறுதி ஆட்டம் முழுவதும் நின்றார். சக ஆட்டக்காரர் ராபி கீனோடு சேர்ந்து கோப்பையைத் தூக்கினார்.

அதற்கு முன்னும் பின்னும் இரண்டு இறுதி ஆட்டங்களில் தோல்வி: 2002ல் பிளாக்பர்னிடம், 2009ல் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் பெனால்டி ஷூட்அவுட்டில். 2008க்குப் பிறகு டாட்டன்ஹாம் அடுத்த கோப்பையைத் தொட 17 வருடம் ஆனது. 2025ல் யூரோப்பா லீக்கை வென்று சோன் ஹியுங்மின் தூக்கியபோதுதான், கடைசியாகக் கோப்பை தூக்கிய கேப்டன் என்ற இடத்திலிருந்து கிங் விடுபட்டார்.

கோப்பை இல்லாவிட்டாலும் இன்னொரு நாளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2010 மே 5, மான்செஸ்டர் சிட்டியின் மைதானம். ஜெயிக்கிற அணி நான்காம் இடத்துக்கு, அதாவது ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் தகுதிக்குப் போகும் நிலை. பீட்டர் க்ரவுச் அடித்த ஒரே கோலில் டாட்டன்ஹாம் வென்றது. பின்னால் ஒரு கோலும் விடாமல் நின்றவர்கள் டாசனும் கிங்கும். சாம்பியன்ஸ் லீக் என்ற பெயரில் அந்தப் போட்டி தொடங்கிய பிறகு டாட்டன்ஹாம் அதற்குள் நுழைந்தது அதுவே முதல்முறை.

பெரிய கிளப்புக்குப் போயிருந்தால் இன்னும் புகழ் கிடைத்திருக்காதா?

கிடைத்திருக்கலாம். ஆனால் வேறு எந்தக் கிளப் வாரம் முழுக்கப் பயிற்சிக்கு வராத ஒருவரைக் கேப்டனாக வைத்திருக்கும்? அவர் ஆடக்கூடிய ஆட்டங்களை மட்டும் ஆடினால் போதும் என்று டாட்டன்ஹாம் ஏற்றுக்கொண்டது. சீசனில் பாதி ஆட்டங்களுக்கு வந்தாலும் போதும் என்று நினைக்க வைத்தார் அவர். இந்தப் பொறுமைக்குக் கிளப்பையும் பாராட்ட வேண்டும்.

டெர்ரி, ஃபெர்டினாண்டோடு ஒப்பிட்டால்?

கணக்கில் பக்கத்திலேயே வர மாட்டார். ஃபெர்டினாண்ட் இங்கிலாந்துக்கு 81 ஆட்டங்கள், டெர்ரி 78. லீக் பட்டங்களும் சாம்பியன்ஸ் லீக்கும் அவர்களிடம் இருக்கின்றன. கிங்கிடம் ஒரு லீக் கோப்பை.

ஆனால் மூன்று பேரும் நல்ல உடம்போடு இருக்கும் ஒரு நாளில், ஒரே ஓர் ஆட்டத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடு என்றால் நான் கிங்கைத்தான் எடுப்பேன். டெர்ரியிடம் துணிச்சல் அதிகம், ஃபெர்டினாண்டிடம் நளினம் அதிகம். ஒருவருக்கு ஒருவர் என்று ஓடி நிற்கும்போது மூவரில் நான் பயப்படாமல் பார்த்தது கிங்கை மட்டும்தான். ரசிகனின் பாசம் இதில் கலந்திருக்கிறது என்பீர்கள். கலந்திருக்கட்டும்.

எப்போது, ஏன் ஓய்வு பெற்றார்?

2012 ஜூலை. முழங்கால் இனி ஒரு சீசனைத் தாங்காது என்றானதும் அறிவித்தார். அந்த வருடம் டாட்டன்ஹாம் நான்காம் இடத்தில் முடித்தும், செல்சி சாம்பியன்ஸ் லீக்கையே வென்றுவிட்டதால் அந்தத் தகுதி இடம் செல்சிக்குப் போய், டாட்டன்ஹாமுக்குக் கைநழுவியது. அவருடைய கடைசி சீசன் இப்படியா முடிய வேண்டும்!

அதன் பிறகு?

கிளப்பின் தூதராக இருக்கிறார். 2020-21 சீசனில், அப்போது டாட்டன்ஹாம் மேனேஜராக இருந்த மொரீனோவின் பயிற்சிக் குழுவில் உதவியாளராகவும் இருந்தார். அன்று ராபனைத் தடுத்தபோது எதிரணி பெஞ்சில் நின்றவர் அதே மொரீனோதான்.

புதிதாகப் பார்க்க நினைப்பவர் எந்த ஆட்டத்தில் தொடங்கலாம்?

ராபன் டேக்கிள் ஒரு நிமிடக் காணொளியாகக் கிடைக்கும், அதைப் பாருங்கள். ஆனால் அங்கே நிறுத்திவிடாதீர்கள். முழு ஆட்டமாகப் பார்க்க 2004 பிரான்ஸ் ஆட்டம்தான் என் தேர்வு. ஹென்றியிடம் பந்து வரும் ஒவ்வொரு முறையும், பந்தை விட்டுவிட்டு கிங்கின் கால்களை மட்டும் பாருங்கள். சின்னச் சின்ன அடிகளாகப் பின்னால் போய்க்கொண்டே இருப்பார். எப்போது நிற்கிறார் என்று கவனியுங்கள்.